காமிக்ஸ் ஸ்க்ரிப்டில் ஓவியருக்கு எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதை நன்றாக எழுதுகிறவர்கள்கூட முதல் காமிக்ஸ் ஸ்க்ரிப்டில் தடுமாறுவது வசனத்தில் இல்லை. "கட்டம் 1" (பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படச் சட்டமும் ஒரு கட்டம்) என்று போட்டுவிட்டு அதன் கீழே ஓவியருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் முழிக்கிறார்கள். எழுதுபவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இரண்டும் நீங்களே என்றால் பாதியைத் தாண்டிப் போகலாம்.

கட்டக் குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள்?

ஒரே ஒருவர். பலூனிலும் (பாத்திரம் பேசுவதை எழுதும் குமிழி) கேப்ஷனிலும் (கதை சொல்லும் வரிகளுக்கான பெட்டி) இருப்பது வாசகருக்கு. மற்ற எல்லாம் ஓவியருக்கு மட்டும். (எடிட்டரும், பலூனில் எழுத்தைப் பொருத்தும் லெட்டரிங் செய்பவரும் படிப்பார்கள், ஆனால் அவர்கள் வேறு விஷயத்தைத் தேடிப் படிப்பார்கள்.) அது அச்சில் வரப்போவதில்லை, அதனால் அழகாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. "அந்தி வானம் தன் வண்ணங்களை அள்ளித் தெளித்திருந்தது" என்று எழுதினால் ஓவியர் அதைப் படித்து ரசிப்பார், அப்புறம் உங்களுக்கு போன் போட்டு "மணி என்ன சார்?" என்று கேட்பார். "மாலை ஆறரை. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை" என்று எழுதினால் போன் வராது.

ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு நடக்கலாம்?

ஒரு நொடி. புதிதாக எழுதுகிறவர்களின் ஸ்க்ரிப்டில் நான் பார்க்கும் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. கட்டம் என்பது சினிமா ஷாட் இல்லை, உறைந்துபோன ஒரு கணம். ஒரு பாத்திரம் அதற்குள் ஒரு காரியம்தான் செய்ய முடியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது: வினையெச்சம். நம் மொழி வாக்கியத்தை முடிக்காமல் நீட்டிக்கொண்டே போகும். வந்து, பார்த்து, எடுத்து, கொடுத்து என்று நாலு வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். எழுதும்போது அது ஒரே காட்சி போலவே தோன்றும். நான் எழுதிய ஒரு சிறு கதையின் முதல் வரைவில் இப்படி ஒரு கட்டம் இருந்தது. வாடகை சைக்கிளை எடுத்துப்போன பையன், சக்கரத்தைக் கோட்டமாக்கிக்கொண்டு திரும்பி வருகிறான்:

"கட்டம் 1: கதிர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து, ஸ்டாண்டு போட்டு, அண்ணாச்சி பார்ப்பதற்குள் கோட்டமான வீலைக் காலால் மறைத்து, அவர் கண்டுபிடித்ததும் திருதிருவென்று விழிக்கிறான்."

எண்ணிப் பாருங்கள். வந்து, போட்டு, மறைத்து, கண்டுபிடித்ததும், விழிக்கிறான். ஐந்து நொடிகள். ஓவியர் இதில் எதை வரைவார்? பெரும்பாலும் கடைசியை, ஏனென்றால் வாக்கியம் அங்கேதான் முடிகிறது. அப்போது பையன் மறைத்ததும் போச்சு, கதையின் சுவாரஸ்யமும் போச்சு. திருத்தி எழுதியபோது இப்படி ஆனது:

"கட்டம் 1: சைக்கிள் கடை வாசல், மத்தியானம். பக்கத்தின் முழு அகலம். படத்தின் வலது ஓரத்தில் கதிர் (10 வயது, அரைக்கால் சட்டை) சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். முன் சக்கரம் கோட்டமாகி, அப்பளம் மாதிரி நெளிந்திருப்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். படத்தின் இடது ஓரத்தில் அண்ணாச்சி, கதிருக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிறார். தகரத் தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கிப் பஞ்சர் பார்க்கிறார். கதிரை இன்னும் கவனிக்கவில்லை. வசனம் இல்லை.

கட்டம் 2: கதிர் சைக்கிளுக்கு முன்னால் காலை அகட்டி நிற்கிறான், முன் சக்கரம் அண்ணாச்சிக்குத் தெரியாதபடி. முகத்தில் சாதாரணமாக இருப்பது போன்ற நடிப்பு. அது நடிப்பு என்று தெரிய வேண்டும்.

கட்டம் 3: அண்ணாச்சி தலையைத் திருப்பிப் பார்க்கிறார். அவர் பார்வை கதிரின் முகத்தில் இல்லை, கால்களுக்கு இடையில் தெரியும் சக்கரத்தில்."

முதல் கட்டத்தில் "தள்ளிக்கொண்டு வருகிறான்" என்பதில் இரண்டு வினை இருக்கிறதே என்று கேட்கலாம். "கொண்டு" வந்தால் பரவாயில்லை, அது ஒரே நேரத்தில் நடப்பது. "வந்து நிற்கிறான்" என்றால் ஒன்றை விட்டுவிட வேண்டும். எழுதி முடித்ததும் குறிப்புகளில் உள்ள வினையெச்சங்களைப் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு கட்டம் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. பையன் ஸ்டாண்டு போட்டதை நான் தூக்கியே விட்டேன். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் வாசகரே போட்டுக்கொள்வார்.

எந்த நொடியைத் தேர்ந்தெடுப்பது?

விதி எதுவும் இல்லை. ஆனால் அடி விழும் நொடியைவிட அதற்கு முந்தியதோ பிந்தியதோதான் பெரும்பாலும் நன்றாக வரும். கை ஓங்கியிருக்கிறது; அல்லது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"திடீரென்று", "மெல்ல", "மறுபடி மறுபடி", "கொஞ்ச நேரம் கழித்து" போன்ற சொற்கள் வந்தால் உஷாராகுங்கள். இவை எல்லாம் காலத்தைச் சொல்பவை. ஒரு கட்டத்துக்குள் காலம் ஓடாது. "மெல்லக் கதவைத் திறக்கிறாள்" என்பதில் மெல்ல என்பதை வரைய முடியாது. கதவு விரல் அகலம் திறந்திருக்கிறது, அதில் ஒரு கண் தெரிகிறது என்றால் வரைந்துவிடலாம்.

"இல்லை" என்பதை எப்படி வரையச் சொல்வது?

"அறையில் யாரும் இல்லை." "அவர் இன்னும் வரவில்லை." "அவள் பதில் சொல்லவில்லை." மூன்றுமே எழுத்தில் கனமான வாக்கியங்கள், படத்தில் ஒன்றுமே இல்லாதவை. இல்லாததைக் காட்ட ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். அவர் வரவில்லை என்றால், மேசைமேல் ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை படிந்திருக்கிறது. பதில் சொல்லவில்லை என்றால், பேசியவரின் பலூன் இருக்கிற கட்டத்துக்கு அடுத்து அவள் மட்டும், பலூனே இல்லாத ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தியிருக்கிறாளா, இல்லையா என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு மௌனம்.

கேமரா கோணம் எல்லாம் எழுத வேண்டுமா?

தேவைப்பட்டால் மட்டும். "லோ ஆங்கிள்", "டாப் ஆங்கிள்", "டைட் க்ளோசப்" என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதித் தள்ளுபவர்கள் சினிமா ஸ்க்ரிப்ட் படித்துப் பழகியவர்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கோணம் தீர்மானிப்பது ஓவியரின் தொழில். நான் அவருக்கு நொடியைச் சொல்கிறேன், அதை எங்கிருந்து பார்ப்பது என்பதை அவருக்கு விட்டுவிடுகிறேன்.

கோணம் கதையையே தூக்கிச் சுமக்கும் இடங்கள் உண்டு, அங்கே கட்டாயம் எழுதுங்கள், காரணத்தோடு. "மேலிருந்து பார்க்கிறோம், ஏனென்றால் மாடியில் ஒருவர் ஒளிந்து பார்ப்பது 6ஆம் பக்கத்தில் தெரியவரும்." காரணம் தெரிந்தால் ஓவியர் அதைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தாலும் கண்டுபிடிப்பார்.

எழுத்தாளர் கோணத்தை விட்டுவிட்டால் படம் தட்டையாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அமெரிக்க ஓவியர் வாலி வுட் இதற்கென்றே ஒரு மாதிரித் தாள் வைத்திருந்தார். எப்போதும் கைகொடுக்கும் 22 கட்டங்கள் என்பது அதன் பெயர். பக்கம் பக்கமாக ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரிப்ட் வந்தால் எப்படியெல்லாம் மாற்றி வரையலாம் என்று காட்டும் தாள் அது: முழுக் கறுப்பு உருவமாக ஒன்று, முன்னால் பெரிய தலையும் பின்னால் சின்ன உருவமுமாக ஒன்று, இப்படி. அதன் தலைப்பிலேயே எழுத்தாளர்களுக்கு ஒரு குட்டும் இருக்கிறது. நியாயமான குட்டுதான்.

குறிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இதில் இரண்டு துருவங்களைச் சொல்கிறேன். ஒரு பக்கம் பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர். 'வாட்ச்மென்' காமிக்ஸ் தொடரின் முதல் இதழுக்கு அவர் அனுப்பிய ஸ்க்ரிப்ட் 101 பக்கம், வரிகளுக்கு நடுவில் இடைவெளிகூட இல்லாமல் தட்டச்சு செய்தது என்று ஓவியர் டேவ் கிப்பன்ஸ் சொல்லியிருக்கிறார். கீழே போட்டுவிட்டால் வரிசைப்படுத்தவே இரண்டு நாள் ஆகும் என்று முதலில் ஒவ்வொரு தாளுக்கும் எண் போடுவாராம். அப்புறம் ஹைலைட்டர் பேனாவால் எது பலூனுக்குப் போவது, எது வரைய வேண்டியது என்று பிரித்துக்கொள்வாராம். இன்னொரு பக்கம், அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் 1960களின் முறை. எழுத்தாளர் ஸ்டான் லீ கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார், சில சமயம் வாயாலேயே சொல்வார். ஓவியர்கள் ஜாக் கிர்பியோ ஸ்டீவ் டிட்கோவோ பக்கம் பிரித்து, காட்சி அமைத்து, முழுக்க வரைந்து கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வசனம். வேகமான முறைதான், ஆனால் கதை யாருடையது என்ற வழக்கு பல பத்தாண்டுகள் ஓயாமல் நடந்தது.

இரண்டு முறையிலும் காலத்தை வென்ற பக்கங்கள் வந்திருக்கின்றன. ஆனால் மூரின் நீளத்தைக் காப்பியடிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவர் யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதினார், அத்தனை பக்கம் விவரித்துவிட்டும் 'உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் அப்படியே செய்யுங்கள்' என்று விட்டுக்கொடுக்கிறவர்.

என் கணக்கு: சாதாரணக் கட்டத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம். புதிய இடம் முதல் முறை வரும் கட்டத்துக்கு ஒரு பத்தி. முதல் வாக்கியத்திலேயே முக்கியமானது வந்துவிட வேண்டும். சுவரில் மாட்டிய காலண்டரில் தொடங்கி மூலையில் கிடக்கும் செருப்பு வரை வர்ணித்துவிட்டு, பத்தாவது வரியில் "தரையில் பிணம் கிடக்கிறது" என்று எழுதிய ஸ்க்ரிப்டை நான் படித்திருக்கிறேன். ஓவியர் அதற்குள் காலண்டரை நடுவில் வைத்துப் பென்சில் ஓட்டத் தொடங்கியிருப்பார்.

பாத்திரத்தின் மனநிலையை எழுதலாமா? அது படத்தில் வராதே?

வரையக்கூடியதை மட்டுமே எழுது என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. "அப்பா போன பிறகு இவன் யார் முன்னாலும் அழுததில்லை" என்பதை யாராலும் வரைய முடியாது, சரி. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வரையும் ஓவியரின் கை வேறு மாதிரி ஓடும். நடிகருக்கு டைரக்டர் சொல்வது போலத்தான் அது. ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம். அதோடு வெளியே தெரியும் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். "சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறான்" என்பது போல.

வெறும் "சோகமாக இருக்கிறாள்" என்றால் வாய்க்கோடு கீழே வளைந்த ஒரு முகம் வரும். குற்றம் உங்களுடையது.

இடது, வலது எல்லாம் சொல்ல வேண்டுமா?

பேச்சு இருந்தால் சொல்ல வேண்டும். நாம் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்கிறோம். முதலில் பேசுபவர் இடது பக்கம் இருந்தால் பலூன்கள் சண்டை போடாமல் உட்காரும். மேலே சொன்ன சைக்கிள் கதையிலேயே இந்தச் சிக்கல் வந்தது. முதல் வரைவில் கதிர் இடது, அண்ணாச்சி வலது. நாலாவது கட்டத்தில் பேச்சைத் தொடங்குபவர் அண்ணாச்சி:

அண்ணாச்சி: ஒரு மணி நேரம் ஆகலையே, அதுக்குள்ள வந்துட்ட?
கதிர்: காலு வலிக்குது அண்ணாச்சி.

அண்ணாச்சி வலது ஓரத்தில் இருந்தால் வாசகர் கண் முதலில் கதிரின் பதிலில் போய் விழும். பலூன்களை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பேசுபவரைச் சுட்டும் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நாலாவது கட்டத்தில் மட்டும் ஆட்களை இடம் மாற்றினால், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருவரும் தாண்டிக் குதித்தது போல இருக்கும். அதனால் முதல் கட்டத்திலேயே மாற்றி எழுதினேன். பக்கத்தின் வசனத்தை முதலில் எழுதி முடித்துவிட்டு ஆட்களை நிறுத்துவது என் வழக்கமானது இதனால்தான்.

சொல்லும்போது "படத்தின் இடது" என்றே எழுதுங்கள். வெறும் "இடது கை" என்றால் பாத்திரத்தின் இடதா, பார்ப்பவருடைய இடதா என்று சந்தேகம் வரும். அதே போலத்தான் "அவர்". ஒரு கட்டத்தில் இரண்டு பெரியவர்கள் இருக்கும்போது "அவர் கையை நீட்டுகிறார், அவர் வாங்கவில்லை" என்று எழுதினால் யார் நீட்டியது? தமிழில் அவர் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். எழுவாயை விழுங்கிவிட்டு எழுதும் பழக்கமும் நமக்கு உண்டு. கட்டக் குறிப்பில் பெயரைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்; காதுக்கு நன்றாக இருக்காது, பாதகமில்லை.

ரெஃபரன்ஸ் படம் கொடுப்பது ஓவியரை அவமதிப்பது ஆகாதா?

ஆகாது, கும்பிடுவார்கள்.

எனக்கு இந்தப் பாடம் ஒரு கிணற்றில் கிடைத்தது. கதை நடப்பது கரிசல் பக்கம். "தோட்டத்தில் பழைய கிணறு" என்று எழுதினேன். என் மனதில் இருந்தது இறவைக் கிணறு: பாறையை வெட்டித் தோண்டிய பெரிய சதுரம், ஒரு பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள், ஒரு காலத்தில் கமலை (மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது) ஓடிய சரிவு. ஓவியர் வளர்ந்த ஊரில் கிணறு என்றால் வீட்டுக் கொல்லையில் உறை இறக்கிய வட்டக் கிணறு, இடுப்பளவு சுற்றுச்சுவர், மேலே ராட்டினம். அழகாகத்தான் வரைந்திருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் பெண் அந்தக் கிணற்றுக்குள் படி வழியாக இறங்க வேண்டும். படியே இல்லை. அதுவரை நாலு பக்கங்களில் கிணறு இங்க் போட்டு முடிந்திருந்தது. அத்தனையையும் திரும்ப வரைந்தார், என் மேல் கோபமே இல்லாதவர் போல. அந்த மரியாதைதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து இரண்டு வேலை செய்கிறேன். ஒன்று, பின்னால் பயன்படப்போகிற பொருளை முதல் முறை காட்டும்போதே சொல்லிவிடுவது: "கிணற்றில் படி இருக்கிறது, 9ஆம் பக்கத்தில் தேவைப்படும்." இரண்டு, நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற பொருளுக்குத்தான் முதலில் படம் தேடுவது. டிராகனுக்குப் படம் வேண்டாம், ஓவியர் பார்த்துக்கொள்வார். திண்ணை, உலைமூடி, ரேஷன் கடை எடைமேடை, டவுன் பஸ்ஸின் படிக்கட்டு இவற்றுக்கு வேண்டும். "கோட்டமான சக்கரம்" என்று எழுதியபோதும் ஒரு போட்டோ இணைத்தேன். சைக்கிள் கடையில் புழங்காத ஒருவருக்கு, கோட்டம் என்றால் வட்டம், மாவட்டம் போல ஏதோ ஒன்றாகத் தோன்றலாம் இல்லையா?

பக்கத்துக்கு எத்தனை கட்டம்?

நாலிலிருந்து ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வாட்ச்மென்' மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டச் சட்டத்தில் ஓடியது உண்மைதான், ஆனால் அதற்குக் கிப்பன்ஸ் மாதிரி சிறு இடத்தில் தெளிவாக வரையும் கை வேண்டும். அமெரிக்க வழக்கத்தில் ஓவியர் 11க்கு 17 அங்குல அட்டையில் வரைவார். அச்சாகும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். ஒரு கட்டத்தில் கல்யாண மண்டபமே நிறைந்த கூட்டம் கேட்டால், அந்தப் பக்கத்தில் மற்ற கட்டங்களைக் குறைத்துவிடுங்கள். "ஆயிரம் பேர் கொண்ட படை மலையிறங்குகிறது" என்று எழுத உங்களுக்குப் பத்து விநாடி. அவருக்கு இரண்டு நாள்.

ஒரு கட்டத்தில் இருக்கும் கடிதத்தை வாசகர் படிக்க வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டம் கொடுங்கள், எழுத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். பின்னணியில் எங்கோ மேசைமேல் கிடக்கிற கடிதத்தை யாராலும் படிக்க முடியாது.

அப்புறம் பக்கத்தைத் திருப்புவது. புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் விழும். திருப்பியதும் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். அதிர்ச்சி எதுவாக இருந்தாலும் அங்கே முதல் கட்டமாக வையுங்கள். ஐந்தாம் பக்கத்தில் வைத்தால், நாலாம் பக்கம் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். நடுவில் விளம்பரப் பக்கம் நுழைந்தால் கணக்கு மாறும், எடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். போனில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வெப்டூன் என்றால் பக்கமே கிடையாது. அங்கே கட்டங்களுக்கு நடுவில் எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்பதைக் குறிப்பில் எழுதுவீர்கள்.

வசனத்தைப் பற்றி ஓவியருக்கு என்ன கவலை?

பலூன் அவர் வரைந்த படத்தின் மேல்தான் உட்காரப் போகிறது. எத்தனை பலூன், எவ்வளவு பெரியது என்று தெரியாமல் வரைந்தால் தலைக்கு மேல் இடம் இருக்காது. அதனால் வசனத்தை "பிறகு தருகிறேன்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

டிசி காமிக்ஸ் எடிட்டர் மோர்ட் வெய்சிங்கர் வைத்திருந்ததாக ஆலன் மூர் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு பலூனுக்கு 25 சொல், ஒரு கட்டத்துக்கு 35 சொல், ஆறு கட்டப் பக்கத்துக்கு 210. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நம் சொற்கள் நீளம். "புரிந்துகொள்ளமுடியவில்லை" என்பது கணக்கில் ஒரு சொல், பலூனில் பதின்மூன்று எழுத்து. பலூனின் அகலத்தைத் தீர்மானிப்பதே அதில் உள்ள மிக நீளமான சொல்தான். அதை நடுவில் உடைத்தால் பார்க்கவும் அசிங்கம், படிக்கவும் தடுக்கும். "புரியல" என்றால் நாலு எழுத்து. பேச்சு வழக்கில் வசனம் எழுத எனக்கு இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணுங்கள். ஒரு பலூன் எழுபது எண்பது எழுத்தைத் தாண்டினால் நான் இரண்டாக உடைத்துவிடுவேன்.

சத்தங்களை யார் எழுதுவது?

நீங்கள்தான். "கதவு சாத்தும் சத்தம்" என்று விட்டுவிட்டால் ஒருவர் "டமார்" போடுவார், இன்னொருவர் "படார்" போடுவார். பாட்டி வீட்டு மரக்கதவு "க்ரீச்" என்று முனகித்தான் சாத்தும். இந்த விஷயத்தில் தமிழ் கொழுத்த மொழி: சலசல, மளமள, நறநற, சளப், தொபுக். இரட்டைக்கிளவி ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம், ஒற்றையாய் வருவது ஒரே அடி. அதைப் பொறுத்துப் படத்தில் இடம் மாறும். "சலசல" ஓடையோடு நீளமாகப் போகலாம். "தொபுக்" விழுந்த இடத்தில் மட்டும். இதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஓவியருக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்வது?

கட்டக் குறிப்புகளை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். பலூன் வசனத்தைத் தமிழிலேயே வைத்து, பக்கத்தில் பொருளைச் சுருக்கமாகக் கொடுங்கள். முகபாவம் வசனத்தைச் சார்ந்தது, அதனால் இது தேவை. இடத்தைக் கணக்கிட, லெட்டரிங் செய்பவரிடம் தமிழ் வசனத்தை அச்சு அளவில் பலூனாக்கித் தரச் சொல்லி அதையே படமாக அனுப்பிவிடலாம். ஓவியர் வரையும் ஃபைலில் அதை ஒரு லேயராக வைத்துக்கொள்வார். கடைப் பலகை, பஸ் போர்டு, போஸ்டர் எழுத்துகளைக் கண்டிப்பாக நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் "ண" வுக்கு மூன்று சுழியா நாலு சுழியா என்று தெரியாத அழகழகான எழுத்துகள் வந்து சேரும்.

நானே கிறுக்கிக் கொடுத்தால் என்ன?

1950களில் அமெரிக்கக் காமிக்ஸ் எடிட்டர் ஹார்வி கர்ட்ஸ்மன் தன் போர்க் காமிக்ஸ் கதைகளுக்கு லேஅவுட்டை (பக்கத்தில் எது எங்கே என்ற முன்வரைவு) தானே வரைந்து, அதன்படிதான் வரைய வேண்டும் என்று ஓவியர்களிடம் பிடிவாதமாக இருந்தார். அபாரமான பக்கங்கள். ஆனால் அவர் முதலில் ஓவியர். நம்மைப் போன்றவர்கள் தீக்குச்சி மனிதர்களை வரைந்து பார்ப்பது நமக்காக மட்டும்: ஒரு கட்டத்தில் ஒருவரைப் படியேறவும் வைத்து பையில் சாவி தேடவும் வைத்திருக்கிறோம் என்பது கிறுக்கும்போதே தெரிந்துவிடும். அதை அனுப்புவது வேறு விஷயம். ஒரு தரம் பார்த்துவிட்டால் ஓவியரின் கண்ணிலிருந்து அந்தக் கிறுக்கல் போகாது. யார் எங்கே நிற்கிறார்கள் என்ற குழப்பமான சண்டைக் காட்சிக்கு மட்டும், மேலிருந்து பார்க்கும் வரைபடம் ஒன்று கொடுப்பேன். வீட்டு பிளான் மாதிரி.

எழுதியது ஒன்று, வரைந்து வந்தது வேறு. திருத்தச் சொல்லலாமா?

கதை உடைகிறதா என்று மட்டும் பாருங்கள். கிணற்றில் படி இல்லை என்றால் உடைகிறது. சைக்கிள் கடையில் அண்ணாச்சி திரும்பிப் பார்க்கிறார் என்று மூன்றாம் கட்டத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? வந்த படத்தில் அவர் திரும்பவே இல்லை. தொட்டித் தண்ணீரில் முக்கிய டியூப் அப்படியே நிற்கிறது, குமிழிகளுக்கு நடுவில் அந்த நெளிந்த சக்கரத்தின் நிழல். அண்ணாச்சிக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பது தண்ணீரில் எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் வாதாட நினைத்தேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, நாலாம் கட்டத்தில் இருந்த ஒரு வசனத்தை அடித்தேன். அவர் பார்த்துவிட்டார் என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் கேட்பதானால் தம்ப்நெயில் (சின்ன அளவிலான முதல் கிறுக்கல்) நிலையில் கேளுங்கள், மிஞ்சினால் பென்சிலில். இங்க் போட்ட பிறகு கேட்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

எந்த வடிவத்தில் அனுப்புவது?

அமெரிக்காவில்கூட எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே வடிவம் கிடையாது. காமிக்ஸ் பக்கம் ஒன்றுக்குத் தாள் ஒன்று; இரண்டு வரிதான் என்றாலும் அடுத்த பக்கத்தைப் புதுத் தாளில் தொடங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மொத்தக் கட்ட எண்ணிக்கை. பலூன்களுக்கு வரிசை எண். வசனம் உள்ளே தள்ளி, குறிப்பு ஓரத்தில், இரண்டும் கலக்காமல். ரெஃபரன்ஸ் படங்களுக்குப் பக்க எண்ணையே பெயராக வையுங்கள். வாட்ஸ்அப்பில் இருபது படத்தை மொத்தமாகக் கொட்டாதீர்கள். வசனம் யூனிகோடில் இருக்கட்டும். ஆனால் லெட்டரிங் செய்பவர் பழைய எழுத்துரு வைத்துப் பழைய டிடிபி மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தால், ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழும். அவருக்கு முதல் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்பி, ஒட்டிப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள்.